பினாயில் விற்க மறுத்தவருக்கு

பாய், மாடியில் புதிதாகக் குடிவந்தவர்கள் இன்று காலை படிக்கட்டு முழுக்கப் பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம்தான் வந்தது. நீங்கள் காலமாகி ஆறு மாதம் ஆகிறது என்று நேற்றுத்தான் கேள்விப்பட்டேன்.

தொண்ணூறுகளில் உக்கடத்திலிருந்து சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு மாதம் ஒருமுறை எங்கள் தெருவுக்கு வருவீர்கள். "ஏனுங்க பாய், தண்ணி கலக்காம குடுங்க" என்று அதட்டுவேன். "கெட்டியாத்தான் இருக்குதுங்க அம்மணி, பக்கெட்டுக்கு ஒரு மூடி போதும்" என்பீர்கள். நான் கேட்கிற ஆளா? பொங்கல் நோம்பிக்கு வீட்டைக் கழுவுகிறேன் பேர்வழி என்று அரை பாட்டிலைக் கவிழ்த்தேன். எங்கள் பூனை செவலை அந்த ஈரத்தில் நடந்துபோய், மூலையில் உட்கார்ந்து பாதத்தை நக்கியது. எவ்வளவு சுத்தம் பார் என்று பெருமைகூடப் பட்டேன். மத்தியானத்துக்குள் வாயில் நுரை தள்ளி, தள்ளாடி விழுந்துவிட்டது.

அன்றைக்குப் பார்த்து நீங்கள் தெருவுக்குள் நுழைந்தீர்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, "என்ன கருமத்தைக் கலந்து விக்கறீங்க? என் பூனையைக் கொன்னுபோட்டீங்களே!" என்று ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். நீங்கள் சைக்கிளைச் சுவரில் சாய்த்தீர்கள். செவலையின் பாதத்தைப் பிடித்து முகர்ந்தீர்கள்.

"கால்ல ஒட்டினதை நக்கிருச்சுங்க. சோப்பும் தண்ணியும் கொண்டாங்க, சீக்கிரம்!"

வாந்தி எடுக்கவைக்கலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா உப்புத் தண்ணீரோடு வந்தார். "வேண்டாமுங்க, தொண்டை இன்னும் வெந்துபோகும்" என்று தடுத்தீர்கள். நாலு பாதத்தையும் கழுவி, துண்டில் சுற்றி, கேனையும் சைக்கிளையும் வாசலிலேயே போட்டுவிட்டு என்னோடு ஆட்டோவில் ஏறினீர்கள். மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் பினாயிலில் என்னென்ன கலக்கிறீர்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னீர்கள். எந்த வியாபாரி தன் கலவையை வெளியில் சொல்வான்? மூன்றாம் நாள் செவலை மீன் தலையை மோந்து பார்த்தது. நான் அழுதேவிட்டேன்.

அப்புறம் எவ்வளவு கேட்டும் எனக்கு நீங்கள் பினாயில் தரவே இல்லை. "பூனை இருக்கற ஊட்டுக்கு இது ஆகாதுங்க. வெறும் சோப்புத் தண்ணியில தொடைங்க, போதும்." மாதாமாதம் வந்து நின்று செவலையை விசாரித்துவிட்டுப் போவீர்கள். மற்ற வீடுகளிலும் கேனைத் திறக்கும் முன்னால் பூனை உண்டா என்று கேட்க ஆரம்பித்தீர்கள்.

செவலை அதன்பின் ஒன்பது வருடம் இருந்தது. அவ்வளவு நாளும் நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, பாய். எனக்கு வாய்தான் நீளம். அன்று நீங்கள் ரோசப்பட்டுச் சைக்கிளைத் திருப்பியிருந்தால் யார் உங்களைக் குறை சொல்லியிருப்பார்கள்? இப்போது யாராவது என்னிடம் கத்தினால், நான் அவர்கள் வாயைப் பார்ப்பதில்லை. கையில் எந்த உயிரைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார்கள் என்று பார்க்கிறேன்.