மணமாகாதவர் என்றால் ‘பொருந்தாது’ என்று குறிக்கப்படும் பதினான்காம் கட்டம்

அனுப்புநர்
குழாய்ச் சாமான் மொத்த வியாபாரி
(நோயாளியின் தந்தை),
பேருந்து நிலையப் பின்தெரு.

பெறுநர்
கண்காணிப்பாளர் அவர்கள்,
புற்றுநோய் மருத்துவமனை.

பொருள்: சேர்க்கைப் படிவத்தின் பதினான்காம் கட்டத்தை மாற்றி, சிகிச்சைத் தேதி குறிக்கும் முன்பே கருமுட்டைப் பாதுகாப்பு பற்றி நோயாளியிடம் நேரில் கேட்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் மகளுக்கு வயது இருபத்து நான்கு. கழுத்தில் கட்டி என்று வந்தவள், தங்கள் மருத்துவமனையில் ஆறு சுற்று மருந்து ஏற்றிக்கொண்டாள். போன மாத ஸ்கேனில் நோயின் தடயம் இல்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். மருந்து தொடங்கும் முன் அவளுடைய கருமுட்டைகள் ஏழு எடுத்து உறைய வைக்கப்பட்டுள்ளன. இந்த இரண்டாவது காரியம் நடக்காமல் போக இரண்டே நாள்தான் இருந்தது. அதற்குக் காரணம் பாதி தங்கள் படிவம், பாதி நான். ஆகவே இந்தப் புகாரில் ஒரு பங்கு என்மேலும் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

2. சேர்க்கை நாளன்று மகள் ஸ்கேன் அறையில் இருந்தாள். கவுன்டரில் நான் நின்றேன். எழுத்தர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். பதினான்காம் கட்டம் ‘மகப்பேறு பாதுகாப்பு ஆலோசனை’. கல்யாணம் ஆகவில்லையே, அப்படியானால் இது பொருந்தாதுதானே என்றார். என் பின்னால் முப்பது பேர் நின்றார்கள். ஆமாம், போடுங்கள் என்றேன். மகளுக்காக என்று கையெழுத்தும் போட்டேன். கடைக்கு ஒரு பெட்டி குழாய் எல்போ வந்தால்கூட எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவன் நான். தள்ளுவண்டியில் பழைய குழாய் விற்ற காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. அன்று எங்கே போயிற்றோ.

3. அதோடு நிற்கவில்லை. மருந்து ஏற்ற முதலில் கொடுத்த தேதி பத்தொன்பது. அவ்வளவு நாள் காத்திருப்பதா என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தங்கள் கட்டடத்தில் குழாய் வேலை எடுத்த ஒப்பந்தக்காரர் எனக்கு இருபது வருட வாடிக்கையாளர். அவரைப் பிடித்து, அவர் யாரையோ பிடித்து, தேதியை ஆறுக்கு இழுத்துவிட்டேன். வீட்டில் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

4. நான்காம் தேதி இரத்தம் எடுத்த செவிலியர், முட்டை எடுத்தாகிவிட்டதா என்று பேச்சுவாக்கில் மகளிடம் கேட்டார். எந்த முட்டை என்றாள் இவள். பிறகுதான் அவர் நிதானமாகச் சொன்னார்: இந்த மருந்து நோயை அழிக்கும்போது சினைப்பையையும் பதம் பார்க்கக்கூடும், எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, ஆனால் சிலருக்குப் பிள்ளை பெறும் வாய்ப்பே போய்விடலாம், முன்கூட்டியே முட்டைகளை எடுத்து வைக்க ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். கோப்பைப் புரட்டியவர், பொருந்தாது என்று யார் போட்டது என்றார். நான் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறையைப் படித்துக்கொண்டிருந்தேன். மகள் என் கையெழுத்தைப் பார்த்தாள். “அப்பா, கடைக்கு ஒரு வால்வு வாங்க வர்றவன்கிட்ட பத்து கேள்வி கேப்பீங்க. என்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கலாமே” என்றாள். சத்தம் போட்டிருந்தால் தேவலை. போடவில்லை.

5. அன்றே மருத்துவரைப் பார்த்தோம். தேதியை முன்னால் இழுத்தது யார் என்று அவர் கேட்ட தொனியை இங்கே எழுத இயலாது. மகளின் நிலையில் பழைய தேதிவரை காத்திருப்பதில் ஆபத்தில்லை, அதனால்தான் அதைக் கொடுத்தேன் என்றார். மருந்து ஏற்றுவது தள்ளிப்போய், ஆறாம் தேதி முட்டையை வளர்க்கும் ஊசி தொடங்கியது. அந்த ஊசி நோயை வளர்த்துவிடுமோ என்று என் மனைவி பயந்தாள். இந்த நோய்க்கு அப்படி இல்லை என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஊசி மருந்தைக் கடையின் குளிர்பெட்டியில் வைத்தோம். கட்டட வரைபடம் போடுகிறவள் என் மகள். அதே கொட்டை எழுத்தில் ‘தொட்டால் கை இருக்காது’ என்று எழுதி ஒட்டினாள். தினமும் மாலை சரக்கறையில் உட்கார்ந்து தன் வயிற்றில் தானே போட்டுக்கொண்டாள். என்னை வெளியே நிறுத்திவிட்டாள். பதினெட்டாம் தேதி முட்டை எடுத்தார்கள். இருபதாம் தேதி மருந்து ஏறியது. நான் ஆடிய ஆட்டத்துக்கெல்லாம் பிறகு, முதலில் கொடுத்த தேதிக்கு ஒரே ஒரு நாள்தான் பிந்தியது.

6. ஏழு முட்டை இருப்பதால் பிள்ளை நிச்சயம் என்று யாரும் சொல்லவில்லை. உத்தரவாதம் இல்லாத சரக்கு என்று தெரிந்தேதான் வைத்திருக்கிறோம். ஆனால் வேண்டும், வேண்டாம் என்று முடிவெடுக்கும் இடத்தில் இப்போது என் மகள் இருக்கிறாள். அது போதும். இந்த ஆறு மாதத்தில் இப்போதுதான் எனக்கு ஒழுங்காகத் தூக்கம் வருகிறது.

7. பிறகு ஏன் இந்த மனு என்று தாங்கள் கேட்கலாம். மூன்றாம் சுற்றின்போது பக்கத்து நாற்காலியில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி. முட்டை எடுப்பது பற்றி என் மகள் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கு அது நான்காவது சுற்று. அவள் படிவத்திலும் அதே கட்டத்தில் அதே சொல். கீழே அவள் அண்ணனின் கையெழுத்து. அந்த அண்ணனை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பின்னாலும் முப்பது பேர் நின்றிருப்பார்கள்.

8. ஆகவே தாங்கள் செய்துதர வேண்டியவை:
அ) பதினான்காம் கட்டத்தில் ‘பொருந்தாது’ என்ற சொல்லையே எடுத்துவிட வேண்டும். மணமானவரா என்ற கேள்விக்கு அங்கே வேலை இல்லை.
ஆ) அதை நோயாளியிடமே, தனியாக, உட்கார வைத்துக் கேட்க வேண்டும். அப்பன், அண்ணன், கணவன் கையெழுத்து அங்கே செல்லக் கூடாது.
இ) என்னைப் போன்ற ஆள் யாராவது ஆளைப் பிடித்துத் தேதியை முன்னால் இழுக்க வந்தால், அந்த ஆலோசனை முடிந்ததா என்று பார்க்காமல் தேதியைத் தொடக் கூடாது.

புதுப் படிவம் அச்சடிக்கச் செலவாகும் என்று அலுவலகத்தில் யாரேனும் சொன்னால், முதல் ஐயாயிரம் படிவம் என் பொறுப்பு. அதில் கடைப் பெயர் இருக்காது. போடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை.

9. இந்த மனுவை நான் எழுத மகள் மூன்று நிபந்தனைகளின் பேரில் ஒப்புக்கொண்டாள். அவள் பெயர் எங்கும் வரக் கூடாது. அவள் படித்த பிறகே தபாலில் சேர வேண்டும். உறைய வைத்த ஏழு முட்டைகளைப் பற்றி, எப்போது, யாரோடு, என்ன முடிவு என்று நானோ அவள் அம்மாவோ ஆயுளுக்கும் கேட்கக் கூடாது; அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். மூன்றுக்கும் சம்மதித்தே கையொப்பமிடுகிறேன்.

இடம்: கடை
நாள்: பதினொன்றாம் தேதி, செவ்வாய்

இங்ஙனம்,
(ஒப்பம்)
தந்தை

படித்தேன். அனுப்பலாம்.
(ஒப்பம்)
மகள்