சாலை வாயிலில் பொறிக்க வேண்டிய சொற்கள்

நெடுவரை நாட்டுப் பேரமைச்சர், கோலும் குளங்களும் வழுவாது காக்கும் திருமிகு வில்லவதரையர் சமூகத்துக்கு, அரண்மனைக் கல்விச்சாலை ஆசான் இளவெயினன் விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் குடிகளும் நலமுடன் நிலைக்க.

ஆசான் இன்றும் விடியலில் எழுந்தான். பல் துலக்கினான். கிணற்றில் நான்கு குடம் இறைத்தான். பழைய சோற்றில் மோர் விட்டு உண்டான். வீட்டைப் பூட்டினான், சாலையைத் திறக்க வந்தான். அங்கே தங்கள் சிற்பி ஏணியில் நின்று வாயில்நிலையை அளந்துகொண்டிருந்தார். இச்சாலையில் மின்மோட்டார் செய்யக் கற்பித்தவளும் சென்ற மாதம் மறைந்தவளுமான ஆசானின் மனைவி குவளை, கண்மூடும்போது ‘அறிவின் சுடர் அணையற்க’ என்று அருளியதாகவும், அதைப் பொறிக்கத் தாங்கள் பணித்ததாகவும் அவர் தெரிவித்தார். அவள் அவ்வாறு அருளவில்லை.

மின்கலத்தின் இருமுனையிலும் ஊக்குகளை நிறுத்தி, காந்தம் வைத்து, பூச்சுள்ள செப்புக் கம்பி வளையத்தின் இரு நுனிகளையும் ஊக்குத் துளைகளில் தாங்க வைத்தால், வளையம் சுழலும். ஒரு நுனியின் பூச்சை முழுவதும் சுரண்ட வேண்டும். மறு நுனியில் ஒரு பக்கப் பாதி மட்டும். ஆயினும் அரைகுறை வேலையை அரியணைமுன் வைப்பது நம் நாட்டில் குற்றமாகையால், அரசர் எழுந்தருளிய அன்று இருபத்திரண்டு மாணாக்கரும் பயபக்தியுடன் இரு நுனிகளையும் முழுக்கச் சுரண்டினர். வளையங்கள் ஒருமுறை துடித்து நின்றன.

இளவரசி மணிநகை, “ஏன் ஐயா, இதுக்கும் தேர் மாதிரி வடம் கட்டி இழுக்கணுமா?” என்று வினவினார். அரசர் சிரிக்கவில்லை. வரும் பௌர்ணமியன்றும் சுழலாவிடில் சாலையில் யானைத் தீவனம் அடுக்கப்படும் என்று கூறிச் சென்றார். ஆசான் வளையங்களைப் பொறுக்கிப் பெட்டியில் இட்டான்.

மறுநாள் ஆசான் ஒரு நுனியைப் பாதி சுரண்டி வைத்தபோது வளையம் மின்கலம் தீரும்வரை சுழன்றது. மாணாக்கர் கண்டனர், எனினும் அரசாணையின்றிப் பாதியில் நிறுத்த அஞ்சுகின்றனர். வாயிலில் தங்கள் சிற்பி பொறிப்பது அரசாணை. பௌர்ணமிக்கு நான்கு நாள் உள்ளது.

ஆகவே, அவள் இறுதியாக உண்மையில் கூறியதே பொறிக்கப்பட வேண்டும். அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். ஆசான் அருகில் அமர்ந்து மறுநாள் வகுப்புக்குக் கம்பி சுரண்டிக்கொண்டிருந்தான். கீழுள்ளதைக் கூறியபின் அவள் பேசவில்லை.

சாலை முத்திரை இடப்பட்டது. சிற்பி ஒரு சொல்லும் கூட்டவோ குறைக்கவோ வேண்டா எனத் தாங்கள் ஆணையிடுக. கல்லில் வர வேண்டியது:

“அந்த நுனியப் பாதி சுரண்டுனாப் போதுங்க. கத்தியப் பாத்துப் பிடிங்க, கையக் கிழிச்சுக்காதீங்க.”