பென்டிரைவில் நீ எனக்காக ஒதுக்கிய இடம்

இன்று மத்தியானம் பழைய லேப்டாப் மூன்றாவது தடவையாக என்னிடம் வைஃபை கடவுச்சொல்லைக் கேட்டது. காலையில்தான் அடித்துக் கொடுத்திருந்தேன். அணைத்துவிட்டுப் பத்து மணிக்குத் திறந்தபோது இன்னொரு தடவை அடித்தேன். மத்தியானம் திரும்பவும், என்னை முன்னே பின்னே பார்த்ததே இல்லை என்பதுபோல, அதே நீலத் திரை.

மகள் ஸ்பிரிங் தொட்டிலில் தூங்குகிறாள். கொசு வலை சரியாக மூடியிருக்கிறதா என்று எழுந்து எழுந்து பார்த்துவிட்டு வந்து உட்காருகிறேன். நீ டெங்கிக் காய்ச்சலில் செத்துப்போன பிறகு வந்த பழக்கம் இது. காதருகே ஒரு கொசு பறந்தால்கூட அதைத் தேடி அடித்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

இந்த லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் செத்தது என் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால். நாம் இருவரும் சேர்ந்து தங்கியிருந்த பிரிக்பீல்ட்ஸ் அறையில் நீ தரையில் உட்கார்ந்து, ரொட்டி சானாய் தின்ற கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "இதுக்குப் போயி அழுவியா மாலு? டிஸ்க் இல்லாட்டி என்ன, பென்டிரைவ்லயே ஓடும் லா" என்றாய். மறுநாளே ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தாய். அதைச் செருகினால் போதும், முழு சிஸ்டமும் அதிலிருந்தே எழுந்து வரும். கூடவே, எழும்போது திரையில் வரும் பட்டியலுக்காக ஒரு துண்டுச் சீட்டு: "முதல் வரி வேண்டாம். இரண்டாவது வரியைத் தேர்ந்தெடு."

கல்யாணம் முடிந்து கிள்ளானுக்கு வந்த பிறகுதான் அதைச் செருகிப் பார்த்தேன். இரண்டாவது வரியைத்தான் தேர்ந்தெடுத்தேன். சிஸ்டம் எழுந்தது, வேலை செய்தது, அணைத்ததும் எல்லாவற்றையும் மறந்தது. நீ போன் செய்து, "எல்லாம் ஓகேவா?" என்று கேட்டாய். அன்றைக்குத்தான் நீ சொல்லியிருந்தாய், காப்பாரிலிருந்து வந்த ஆபீஸ் பெண் ஒருத்தி என் கட்டிலுக்கு வந்துவிட்டாள் என்று. நான் காலி செய்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. "ஓகே லா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் கணவர் புது லேப்டாப் வாங்கினார். பென்டிரைவ் அலமாரிக்குள் போனது.

என் கட்டிலுக்கு வந்த அந்தப் பெண் சங்கரி நேற்று மகளைப் பார்க்க வந்தாள். தன் காப்பார் வீட்டிலிருந்து மோட்டார் பைக்கில், மழையில் நனைந்துகொண்டு. நல்ல பெண்தான். அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவளாக இருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம்! ஆஸ்பத்திரியில் உன் கடைசி நாலு நாளும் பக்கத்தில் இருந்தவள் அவள். நான் அப்போது ஆறு மாசக் கர்ப்பிணி. மாமியார் வாசலைத் தாண்ட விடவில்லை. உனக்குக் கஞ்சி ஊட்டியதை அவள் சொல்லச் சொல்ல, நான் தலையாட்டிக்கொண்டே குழந்தையின் காலுறையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

வேலைக்குத் திரும்பப் போகிறேன், கணவர் தன் லேப்டாப்பைப் பண்டமாரான் கிடங்குக்குக் கொண்டுபோய்விடுகிறார், பழையதைத்தான் எழுப்ப வேண்டும் என்றேன். "என்கிட்டயும் அவ செஞ்சு கொடுத்தது இருக்கு அக்கா!" என்று பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் தன் பென்டிரைவைச் செருகினாள். இரண்டாவது வரி. திரை எழுந்தது. பின்னணியில் மோனோரெயில் படம், நம் அறை ஜன்னலிலிருந்து எடுத்தது. நம் ஜன்னல். அவளுடைய கோப்புகள், அவளுடைய பாட்டுகள், நீ அவளுக்கு வைத்துக் கொடுத்த எழுத்துரு, எல்லாம் அப்படியே இருந்தன.

"மறக்காதா?" என்று கேட்டேன்.

"எப்படி மறக்கும்? அவதான் தனியா இடம் ஒதுக்கிக் கொடுத்தாளே. உங்களுதும் அப்படித்தானே?"

ஆமாம் என்றேன். எனக்கு மறக்கிறதைக் கொடுத்துவிட்டு, அவளுக்கு ஞாபகம் வைக்கிறதைக் கொடுத்திருக்கிறாய். அந்த நிமிஷம் உன் மேல் எனக்கு வந்த கோபத்தை இதில் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமே பொய்.

பிறகு நான் செய்தது அசிங்கம். மகள் சிணுங்கினாள். "நான் தூக்கறேன் அக்கா" என்று சங்கரி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் போனாள். நான் அவள் லேப்டாப்பில் தேடும் கட்டத்தைத் திறந்து என் பெயரை அடித்தேன்.

ஒரே ஒரு கோப்பு வந்தது. நீ சங்கரிக்கு எழுதிவைத்த குறிப்பு. எப்படி இடம் பிரிப்பது, எப்படிப் பெயர் வைப்பது என்று எழுதி, நடுவில் அவளைத் திட்டியிருந்தாய்: "நீ பண்ணின குளறுபடியில மூணு தடவ செய்ய வேண்டியதாப் போச்சு. மாலுவுக்குத்தான் மொதல்ல செஞ்சேன், ஒரே தடவையில ஆச்சு. உள்ள அவளுக்கு ஒண்ணு எழுதி வெச்சேன். படிச்சாளான்னு தெரியல. வாயே தொறக்கல."

மூடிவிட்டு, வாசலிலிருந்து திரும்பியவளிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டேன். பழையதை எழுப்ப உதவுமே, நீ எழுதிய குறிப்பை எனக்கு அனுப்பவா என்று சங்கரி அவளாகவே கேட்டாள். அனுப்பச் சொன்னேன்.

இன்று அதை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். பென்டிரைவில் சிஸ்டம் இருக்கும் பகுதியை நாம் மாற்ற முடியாது, அதனால்தான் ஒவ்வொரு தடவையும் புதுசாக எழுகிறது. மிச்ச இடத்தைத் தனிப் பகுதியாகப் பிரித்து, அதற்குப் 'பெர்சிஸ்டன்ஸ்' என்றே பெயர் வைக்க வேண்டும். வேறு பெயர் இருந்தால் சிஸ்டம் அதைத் திரும்பியே பார்க்காது, குறையும் சொல்லாது. உள்ளே ஒரு சின்னக் கோப்பு, அதில் எல்லாவற்றையும் சேமிக்கச் சொல்லும் ஒரே வரி. "ஞாபகம் வெச்சுக்கோன்னு சொன்னாப் போதாது, எடம் கொடுக்கணும்" என்று அதற்குப் பக்கத்தில் எழுதியிருந்தாய்.

பகுதிகளைப் பட்டியல் போட்டுப் பார்த்தேன். இடம் ஏற்கெனவே பிரிந்திருந்தது. பெரிய இடம். ஆனால் அதற்குப் பெயரே இல்லை. உள்ளே என் ரிசப்ஷன் ஸ்லைடு ஷோ படங்கள்.

அப்போதுதான் எனக்கு அந்தப் போட்டோக் கடை ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், கிள்ளான் லிட்டில் இந்தியாவில். படங்களை ஏற்றிக் கொடுக்க என் கைப்பையில் இருந்த ஒரே பென்டிரைவ் இதுதான். கடை அண்ணன் செருகிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தங்கச்சி, இதுல ஒரு பக்கம் படிக்க முடியல, ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது. உள்ள ஏதாச்சும் இருக்கா?"

"புதுசுதாண்ணே, ஒண்ணும் இல்ல. சீக்கிரம் பண்ணுங்க லா, மருதாணிக்கு ஆள் வந்துடும்."

அவ்வளவுதான். அவருடைய விண்டோஸுக்கு நீ செய்த இடத்தைப் படிக்கத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நீ வைத்த பெயரும், அந்த ஒரு வரியும், எனக்கு எழுதியதும், ஒரு அமுக்கலில் போயின. அதற்கு மேல் இருநூறு படங்களை ஏற்றிக்கொண்டு வந்தேன். எத்தனையோ தடவை அந்தப் படங்களைத் திறந்திருக்கிறேன். அது பென்டிரைவின் சாதாரண இடம் என்றே நினைத்திருந்தேன்.

நான் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷ வேலை உனக்கு. "இது மறக்குதுடி" என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை. சங்கரிக்கே போய்க் கற்றுக்கொடு என்று இருந்தேன். நீயும் கேட்கவில்லை. நான் படித்துவிட்டு வேண்டுமென்றே மௌனமாக இருக்கிறேன் என்று நினைத்தே போயிருக்கிறாய்.

சாயங்காலம் சங்கரி போன் செய்தாள். "ஆச்சா அக்கா? உங்களுக்கு என்னதான் எழுதியிருந்தா? சொல்லக்கூடாதுன்னா வேணாம்."

பொய் வாய் வரை வந்தது. நீளமாக, அழகாக ஒன்றை நானே உண்டாக்கியிருப்பேன். மகள் என் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"படிக்கறதுக்கு முன்னாடியே அழிச்சிட்டேன், சங்கரி. தெரியாம."

அவள் பைக்கை ஓரம் கட்டி நிறுத்துவது கேட்டது. பிறகு, "அப்ப நீங்க கோவத்துல பேசாம இருக்கல?"

"இல்ல."

"ஐயோ அக்கா. அவ அதையே சொல்லிட்டு இருந்தா. மாலு மாலுன்னு. எனக்குச் செம பொறாமை. எனக்கு வெச்சதுல திட்டு மட்டும்தான் இருக்கு. உங்களுக்குப் பக்கம் பக்கமா எழுதியிருப்பான்னு நெனச்சு எத்தன நாள் வயிறு எரிஞ்சிருக்கேன் தெரியுமா?"

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு இனித்தது. உன்னைத் தவிக்க விட்டேன் என்று தெரிந்த அதே நாளில், அவள் வயிறு எரிந்தது என்று கேட்டு எனக்கு இனித்தது. போனை வைத்த பிறகு சமையலறையில் நின்று அழுதேன். அழுகைக்கு நடுவிலும் அந்த இனிப்பு போகவில்லை.

படங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, உன் குறிப்புப்படியே எல்லாம் செய்தேன். பெயர் வைத்தேன், அந்த வரியை எழுதினேன். இனி இது மறக்காது. ஆனால் இதில் நீ இல்லை. சங்கரியுடையதில் இருக்கிறாய், திட்டாகவாவது.

என்னிடம் இருப்பது நீ எழுதியது என்று மட்டும் தெரிந்த ஒன்று. ஒரு வரியோ பத்துப் பக்கமோ, தெரியாது. நான் அதைப் படிக்கவில்லை. ஆனால் வேறு யாருமே படிக்கவில்லை, சங்கரிகூட. அதை நினைத்துத்தான் இன்றைக்குத் தூங்கப் போகிறேன்.