தயிரில் எதைப் போடுவது

மார்ச் 5, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து திரும்பிய அத்தை, சமையலறைக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்தார். அப்படியே பக்கத்து வீட்டு லோகநாயகியிடம் கொட்டிவிட்டு வந்தார். ஈஸ்டர் வரை சர்க்கரை தொடுவதில்லை என்று நேர்ச்சை. எனக்காக. இல்லை, என் வயிற்றில் இருப்பதற்காக. ஆறாம் மாதம். போன வருடம் ஐந்தோடு போயிற்று.

நேற்றுதான் ரத்தச் சோதனை. கர்ப்பகாலச் சர்க்கரை. டாக்டரம்மா சொன்னார்: "இனிப்பை நிறுத்துங்க. ரெண்டு வாரம் பாப்போம். இறங்கலைன்னா ஊசி."

குழந்தைக்கு என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அது வரைக்கும் போக விட மாட்டோம்மா."

அது பதிலா?

மார்ச் 7

சோறு வயிற்றில் நிற்கவில்லை. இட்லி நிற்கவில்லை. சர்க்கரை போட்ட தயிர்தான் இத்தனை மாதமும் என்னைக் காப்பாற்றியது. இன்று வெறும் தயிர். இந்த மண்ணூர்பேட்டை வெயிலுக்குக் காலையில் உறைந்தது மத்தியானத்துக்குள் புளித்துவிடுகிறது. இரண்டு வாய். வாஷ்பேசினுக்கு ஓடினேன்.

மார்ச் 8

போனில் தேடல். தேன், நாட்டுச்சர்க்கரை, பேரீச்சைப் பாகு, கருப்பட்டி. எல்லாம் 'இயற்கை'. எல்லாம் 'ஆரோக்கியம்'. இரண்டு பட்டம் வாங்கியவள், விளம்பரத்தை வேதவசனம் போல வாசிக்கிறேன். நம்புவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் தேடினேனோ?

மார்ச் 9, ஞாயிறு

அத்தை கருப்பட்டியை நுணுக்கித் தயிரில் கலந்து நீட்டினார்.

"நீங்க சர்க்கரைய விட்டுட்டீங்களே அத்தை?"

"சக்கரையத்தானடி உட்டேன்? இது கருப்பட்டி. பனையில வர்றது. மருந்து."

என் கணவன் ஆன்சன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி சிரித்தான். "அண்ணன தொரத்திட்டு தம்பிய ஊட்டுல குந்த வெச்சிகீறம்மா."

"நீ இன்னாத்த கண்ட? ஷிஃப்டுக்குக் கெளம்பு."

சாப்பிட்டேன். வயிற்றில் நின்றது. இன்னொரு கிண்ணம் கேட்டேன்.

மார்ச் 13

மூன்று வேளையும் அதே தயிர். கிண்ணத்தை வழித்துத் தின்கிறேன். குழந்தை உதைக்கிறது. நல்லது என்கிறார் அத்தை. எனக்கு ஏனோ பயமாக இருக்கிறது.

மார்ச் 19

இறங்கவில்லை. ஏறியிருக்கிறது.

என்ன சாப்பிட்டேன் என்று டாக்டரம்மா கேட்டார். சொன்னேன். "ரத்தத்துக்குப் பனையும் தெரியாது, கரும்பும் தெரியாதும்மா. எல்லாம் சர்க்கரைதான்." ஸ்கேனில் குழந்தை இருக்க வேண்டியதைவிடப் பெரிதாக இருக்கிறது. நாளை முதல் இன்சுலின்.

 

மார்ச் 20

தொடையில் முதல் ஊசி. அத்தை வெறும் தயிரோடு வந்து நின்றார். "ஒரு வாய் துன்னு கண்ணு."

"உங்க மருந்துதான் வேலை செஞ்சிடுச்சே அத்தை."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"நான் வெசமாடி வெச்சேன்? போன கொயந்தைக்கு நான் அயுத அயுக உனக்குத் தெரியுமா?"

தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் செவுத்தப் பாத்துக்கினே படுத்திருந்தேனே — யாரு அழுதாங்க, யாரு சாப்பிடல, எதைப் பாத்தேன் நான்?

அவர் நீட்டியது ஒரு கிண்ணம். இரண்டாவதைக் கேட்டது நான்.

மார்ச் 24

ஆன்சன் மெடிக்கலில் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்புச் சொட்டு வாங்கி வந்தான். இது ஆகுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்கினான். முதலில் தித்திப்பு. பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு. நிற்கவில்லை.

மார்ச் 27

புளிப்பை மறைக்கத்தான் இனிப்பு. புளிக்காமலே இருந்தால்?

அத்தையிடம் சொன்னேன். ஒரு வாரமாக நாங்கள் பேசிய முதல் நீளமான பேச்சு. இனி சின்னக் கிண்ணங்களில் உறை ஊற்றி, கெட்டியானதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது என்று முடிவு. டாக்டரம்மா அனுமதித்த அரைக் கொய்யாவை அத்தை பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டார். நான் பட்டைத்தூளைத் தூவினேன்.

"தயிருல பட்டையா? பிரியாணி கிண்டறியாடி?"

சிரித்துவிட்டேன். அவரும். நின்றது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

ஊசி தொடர்கிறது. அளவு கட்டுக்குள் இருக்கிறது. நோன்பு முடிந்துவிட்டது. அத்தை இன்னும் சர்க்கரை போடாத டீதான் குடிக்கிறார். 

மே 16

வாந்தி நின்றுவிட்டது. பயம் நிற்கவில்லை.

ஜூன் 3

பெண்.

அழுதாள். 

நர்ஸ் அவள் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் போனார். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் பிறந்த குழந்தைக்குத் திடீரென்று இறங்கிவிடுமாம். முடிவுக்குக் காத்திருக்கையில் லோகநாயகி சர்க்கரைத் தண்ணீரும் ஸ்பூனுமாக வந்தார், குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை தொட்டு வைக்க.

"பெரியவங்க நீங்க வைங்கக்கா. வெக்கிறவங்க கொணந்தான் கொயந்தைக்கு வரும்."

அத்தை டம்ளரைக் கையில் வாங்கினார். அப்படியே நின்றார்.

நர்ஸ் திரும்பி வந்தார். "பாப்பாவுக்கு நார்மல். வேற எதுவும் குடுக்காதீங்க, தாய்ப்பால் மட்டும்."

அத்தை என்னைப் பார்த்தார். சர்க்கரைத் தண்ணீரை ஒரே மடக்கில் தானே குடித்தார். முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு குழந்தையைத் தூக்கினார்.

"இதுக்கு அவுங்கம்மா கொணம் வந்தா போதும்" என்று என் மார்பில் வைத்தார்.

என் குணமா? வேண்டாம் அத்தை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் குடிக்கத் தொடங்கியிருந்தாள்.