மூக்கு வேண்டாத அடுப்பு

12 நவம்பர், புதன்

காலையிலிருந்து தூறல். காற்று வடக்கிலிருந்து. துணி மாடியில் போடவில்லை.

கணவர் சேவியரிடமிருந்து மூன்று குரல் பதிவுகள். கப்பல் சிங்கப்பூருக்கு இந்தப் பக்கம் எங்கோ. கப்பல் சமையலறையிலேயே பாதி வாழ்க்கை போயிற்று. டிசம்பரில் இறங்கினால் மறுபடி ஏறுவதில்லை என்கிறார். வீட்டில் இனி அவர் சமையல். அதற்காக எனக்கு ஒரு வேலை: சுவரில் பதிக்கும் இரட்டை ஓவன் தேர்வு செய்வது. ஒன்றின் மேல் ஒன்று, ஆள் உயரத்துக்கு. இருப்பதிலேயே நல்லதாக.

“மேல கேக்கு, கீழ மீனு. ஒண்ணோட வாசன இன்னொண்ணுல ஏறக் கூடாது. அத மட்டும் பாத்துக்க டீச்சரம்மா. மிச்சம் நீ படிச்சவ, உனக்கே தெரியும்.”

அதை மட்டும்தான் என்னால் பார்க்க முடியாது.

ஆகஸ்ட் காய்ச்சலுக்குப் பிறகு மூக்குக்கு எதுவும் தெரிவதில்லை. காபி, மீன், சாக்கடை, எல்லாம் ஒன்றே. டாக்டரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. எழுதிப் பார்த்தால் சின்ன விஷயம் போலிருக்கிறது.

கிறிஸ்துமஸ் கேக்குக்குத் தெருவில் அவரவர் மாவு கலந்து, டின்னில் பெயர்ச் சீட்டு ஒட்டி, ராயபுரத்தில் ஒரு பேக்கரியில் கொடுத்து வேகவைத்து வாங்குவது வழக்கம். இந்த வருடம் எல்லா டின்னும் எங்கள் வீட்டில் என்று சேவியர் தெருவுக்கே வாக்குக் கொடுத்துவிட்டார். கப்பலிலிருந்தபடியே.

14 நவம்பர், வெள்ளி

மழை இல்லை. புழுக்கம்.

நேற்று நடந்ததை நேற்று எழுத முடியவில்லை.

மாலை ஐந்து மணி. பாலை அடுப்பில் வைத்துவிட்டு விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். பால் பொங்கி நெருப்பு அணைந்திருக்கிறது. கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்திருக்கிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பதினோரு தாள் திருத்தியிருந்தேன். கீழ் வீட்டு பிலோமினா படியேறி ஓடி வந்து கதவைத் தள்ளினாள். பள்ளி யூனிஃபார்ம் தைப்பவள். கழுத்தில் அளவு நாடா தொங்கியபடி.

“இன்னா டீச்சர், கேஸத் தொறந்து வுட்டுட்டு குந்திகினு கீற? கீழ வரிக்கும் நாறுது. உனுக்குத் தெர்ல?”

“இப்பதான் பார்த்தேன். அணைக்கத்தான் எழுந்தேன்.”

நாற்காலியில் உட்கார்ந்தபடி சொன்னேன். அவள் ரெகுலேட்டரை மூடினாள், ஜன்னல்களைத் திறந்தாள், “லைட்டு சுச்ச தொடாத” என்று எனக்குச் சொன்னாள். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான்.

அவள் மகள் ஜெனி ஏழு மாதக் கர்ப்பிணி. எங்கள் சமையலறைக்கு நேர் கீழே படுக்கிறாள். கேஸ் காற்றைவிடக் கனம். கீழேதான் இறங்கும். வருடா வருடம் முதலாமாண்டு மாணவிகளுக்குச் சொல்வதுதான்.

16 நவம்பர், ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து நேராக அண்ணா நகர். ஓவன் கடை. உள்ளே ஏசி குளிர், கதவைத் தள்ளிவிட்டால் தானே மெல்ல மூடிக்கொள்ளும் அலமாரிகள். விற்கிற பெண்ணுக்கு இருபத்தைந்து இருக்கும். கன்னத்தருகே மைக் போல ஏதோ.

கேட்டது, பார்த்தது:
— மேல், கீழ் இரண்டுக்கும் தனித்தனி விசிறி. சரி.
— கேஸ் கிடையாது, முழுக்க மின்சாரம். இதற்காகவே வாங்கலாம்.
— கேக்கின் நடுவில் குத்தி வைக்கும் வெப்பக் கம்பி. சொன்ன சூடு வந்ததும் தானே அணைந்துவிடும். இரண்டு முறை அடிக்கோடு.
— தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளுமாம். உள்ளே அழுக்கைச் சாம்பலாகும்வரை எரிக்கும். புகை வராதா? “லேசா ஸ்மெல் இருக்கும் மேடம்.” வேண்டாம்.
— புதிதில் காலியாக ஓட்ட வேண்டும். உள்ளே பூசிய எண்ணெய் எரிந்து நாற்றம் வரும். எவ்வளவு நேரம் என்றேன். “அந்த வாசனை போற வரைக்கும் மேடம்.” நிமிடக் கணக்கில் சொல்லும்மா என்றேன். சிரித்தாள்.
— எர்ணாவூருக்கு சர்வீஸ் ஆள் வருவாரா? “கண்டிப்பா மேடம்.” எர்ணாவூர் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. நம்பவில்லை.

பிறகு அது நடந்தது. கேக் வைத்து ஓட்டிக் காட்டினாள். கீழ்க் கதவைத் திறந்து, “வாசனை எப்படி மேடம்?”

“ரொம்ப நல்லா இருக்கு.”

“இது காலி மேடம். கேக் மேல இருக்கு. ஒண்ணோட வாசனை ஒண்ணுக்கு வராதுன்னு காட்டத்தான் திறந்தேன்.”

பின்னால் நின்றிருந்த பெரியவர், “மேடத்துக்குப் பசி” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும். கழுத்தின் பின்னால் வியர்த்துவிட்டது. ஏசியில்.

18 நவம்பர், செவ்வாய்

வெயில்.

காலையில் தாஸ் வந்து சுவரையும் வயரையும் பார்த்தார். தெருக்கோடி எலெக்ட்ரீஷியன்.

“இத்த இந்த லைன்ல மாட்னா நம்ம வூடு இல்ல டீச்சர், தெருவே இருட்டாய்டும். மூணு பேஸ் லைன் கேட்டு கரண்ட் ஆபீசுக்கு எழுதிக் குடு.” சமையலறை சுவிட்ச் பெட்டியைத் திறந்தவர் திறந்த கையோடு நின்றார். “கருகின வாசன வந்துருக்குமே. ஒரு மாசமாவே வந்துகினு இருந்துருக்கும்.”

உள்ளே வயர் மேல்தோல் உருகிக் கரிந்திருந்தது. உப்புக் காற்றில் செம்பு பச்சை பிடித்து, இணைப்பு தளர்ந்து.

“கவனிக்கல” என்றேன்.

“நீயா கவனிக்கல?” என்றார். பாராட்டு மாதிரி.

மதியம் கல்லூரி ஆய்வகம். யாரும் இல்லாத நேரம் பார்த்து அமோனியா புட்டியைத் திறந்து முகர்ந்தேன். வாசனை இல்லை. மூக்குத் தண்டில் ஊசி, கண்ணில் நீர். ஆக, எரிச்சல் தெரிகிறது. மூக்கில் எரிச்சல் தராத எதுவும் தெரியாது. கேஸ் மூக்கில் எரியாது. கருகும் வயரும் அப்படித்தான். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயு கொஞ்சமாக இருந்தால் எரியாது. அதிகமானால் எல்லோருக்குமே மூக்கு மரத்துவிடும்.

மூக்கில் எரிகிறவை பற்றி ஒரு பட்டியல் போட்டேன். கிழித்துப் போட்டேன்.

20 நவம்பர், வியாழன்

எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது இன்று நடந்துவிட்டது.

வடக்குக் காற்று அடித்து அந்தப் பக்கத்து ஆலைகளிலிருந்து ஏதாவது நாற்றம் வந்தால் தெருவில் இருப்பவர்கள் என் பால்கனிக்குக் கீழே வந்து நிற்பார்கள். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த வருடம் ஆரம்பித்த பழக்கம். கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: “டீச்சர், இது இன்னா வாசன? குந்தலாமா, ஓடலாமா?” நான் இரண்டு மூச்சு இழுத்துவிட்டுச் சொல்வேன். ஜன்னலைச் சாத்துங்க. ஈரத் துணி வையுங்க. ஒன்றுமில்லை, சமையல் பண்ணுங்க. இதுவரை தவறியதில்லை. அதிர்ஷ்டமும் உண்டு என்று எனக்குத் தெரியும்; அவர்களுக்குத் தெரியாது.

மாலை நாலரைக்கு வந்தார்கள். வழக்கம் போல இரண்டு மூச்சு இழுத்தேன். நடிப்புத்தான். பிறகு டாக்டர் மாதிரிக் கேள்விகள். கண் எரியுதா? தொண்டை கரகரக்குதா? தலை சுத்துதா?

“பெயின்ட் மாறி கீது.”

“அதெல்லாம் இல்ல, முட்ட மாறி.”

“உன் வாயே அப்டித்தான்.”

சிரிப்பு. எனக்குக் கண் எரியவில்லை. “ஒண்ணுமில்ல. காத்து திரும்பினா போயிடும்.”

போய்விட்டார்கள். ஒருவர்கூட மறுபடி கேட்கவில்லை. அப்படி நம்புவார்கள் என்பதுதான் பயமாக இருந்தது.

21 நவம்பர், வெள்ளி

ஜெனி ஆஸ்பத்திரியில். விடியற்காலையிலிருந்து வாந்தி, தலைவலி, ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. ஒரு நாள் வைத்துப் பார்க்கிறார்கள். குழந்தை நன்றாக இருக்கிறது. எதனால் என்று டாக்டர் சொல்லவில்லை, எதனாலும் இருக்கலாமாம்.

பிலோமினா மாற்றுத் துணி எடுக்க வந்தாள். படிக்கட்டில் பார்த்தேன்.

“ஜன்னல தொறந்துதான் வெச்சிருந்தேன் டீச்சர். நீயே சொல்ட்ட ஒண்ணுமில்லனு. அப்பறம் இன்னா பயம்?”

குற்றம் சொல்லவில்லை. தன் பக்க நியாயத்தைச் சொன்னாள், அவ்வளவுதான்.

எதனாலும் இருக்கலாம். கர்ப்பிணிகள் வாந்தி எடுப்பார்கள். என் மூக்கு நன்றாக இருந்திருந்தாலும் ஒன்றுமில்லை என்றே சொல்லியிருக்கலாம். இந்த மூன்று வாக்கியங்களும் சரி. இன்று முழுவதும் அவற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சேவியர் செய்தி: மாடல் முடிவாயிற்றா? பதில் போடவில்லை.

23 நவம்பர், ஞாயிறு

ஜெனி வீட்டுக்கு வந்துவிட்டாள். மழை. பூசைக்குப் போகவில்லை.

மூக்கு டாக்டர் செப்டம்பரில் சொன்ன பயிற்சியை இன்றுதான் தொடங்கினேன். கிராம்பு, எலுமிச்சை, காபித்தூள், ரோஜா. நாலு ஊறுகாய் பாட்டில். ஒவ்வொன்றும் இருபது வினாடி. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் அவர். கிராம்பு: இல்லை. எலுமிச்சை: இல்லை. காபி: இல்லை. ரோஜா: இல்லை.

ஓவன் இரண்டு மாடலுக்கு வந்து நிற்கிறது. ஒன்றில் ஆவியில் வேகவைக்கும் வசதி உண்டு, கம்பி இல்லை. சேவியர் அதைத்தான் கேட்கிறார். இன்னொன்றில் கம்பி உண்டு, ஆவி இல்லை. “கம்பி எதுக்கு? கேக்கு வெந்துச்சானு வாசனையே சொல்லுமே” என்கிறார். காரணம் கேட்டால் என்ன சொல்வது?

26 நவம்பர், புதன்

காலை ஆறே முக்கால். வடக்குக் காற்று. பால்கனிக்குக் கீழே பதினைந்து பேர், நான் எழுந்து வருவதற்கு முன்பே.

“தெனிக்கும் வர்றதுதாம்பா இது” என்றார் தாஸ்.

“இல்ல மாமு. இது வேற.”

“சும்மா கத்தாதீங்க. டீச்சர் சொல்லட்டும்.”

எனக்கு வந்தது சுத்தமான காற்று. கம்பியில் காக்கைகள் உட்கார்ந்திருந்தன. கண் எரியவில்லை. ஒண்ணுமில்ல என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கீழே ஜெனி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, துப்பட்டாவால் மூக்கை மூடி, அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எனக்குத் தெரியாது” என்றேன்.



“எனக்கு வாசனையே தெரியறதில்ல. ஆகஸ்ட்லேர்ந்து.”

யாரோ சிரித்தார்கள். பிலோமினா சிரிக்கவில்லை.

“அப்ப போன வாரம்?”

“அன்னிக்கும் தெரியாது.”

“தெரியாமயே சொன்ன?”

“ஆமா.”

“அன்னிக்கி கேஸு?”

“அதுவும்.”

 திட்டுவாள் என்று நினைத்தேன். திரும்பி, “தாஸு, ஒரு ஆட்டோ இட்டா. எம் பொண்ண ராயபுரத்துல எங்கக்கா வூட்ல வுட்டுட்டு வரேன்” என்றாள். அதைக் கேட்டு மற்றவர்களும் உள்ளே போய்ப் பை எடுத்தார்கள். அரை மணியில் பாதித் தெரு காலி.

ஆட்டோ ஏறும் முன் படியேறி வந்தாள். என்னைப் பார்க்காமல் சமையலறைக்குள் போய், சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றித் தையல் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“நா வர்ற வரிக்கும் பச்சத் தண்ணி குடி.”

மதியம் காற்று திரும்பியது. என்ன நாற்றம், எங்கிருந்து என்று யாரும் சொல்லவில்லை.

சேவியரைக் கூப்பிட்டுச் சொன்னேன். 

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க கப்பல்ல இருக்கீங்க.”

“கப்பல்ல இருந்தா?”

 பிறகு அவரே, “கம்பி இருக்கறதயே புக் பண்ணு. ஆவி கீவி வாணாம்” என்றார்.

29 நவம்பர், சனி

மூட்டம். வடக்குக் காற்று, லேசாக.

ஓவன் பதிவு செய்தாயிற்று. டிசம்பர் பாதிக்கு மேல் வரும். மூன்று பேஸுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. கரிந்த வயரைத் தாஸ் மாற்றிவிட்டார். கிராம்பு: இல்லை. காபி: இல்லை.

பிலோமினா சோறும் குழம்பும் அனுப்புகிறாள். ரெகுலேட்டரைத் தரவில்லை. நானும் கேட்கவில்லை. ஜெனி ராயபுரத்திலேயே இருக்கிறாள், பிரசவம் வரைக்கும்.

காலை ஏழு மணிக்குத் தண்ணீர் லாரி. குடங்களோடு எல்லோரும் வெளியே. தாஸ் சட்டென்று தலை தூக்கி மூக்கைச் சுளித்தார். பக்கத்தில் இருந்தவரும். பழக்கத்தில் எல்லா முகமும் என் பால்கனியைப் பார்த்துத் திரும்பியது. பிறகு ஞாபகம் வந்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. யாரும் உள்ளே போகவுமில்லை.