மாங்காய்க் கொட்டகைச் சாவி

முதலமடை, 15 ஏப்ரல் 1974

தூக்கம் வரவில்லை.

எங்கள் தோப்பில் காய் பறிக்கும் வேலாத்தாள் காலையில் அழுதுகொண்டே வந்தாள். காற்றில் விழுந்த மாங்காயை மடியில் கட்டினான் என்று அவள் புருஷன் மாரனை என் அண்ணன் நேற்றுச் சாயந்திரமே கொட்டகையில் போட்டுப் பூட்டிவிட்டாராம்.

நான் என்ன செய்தேன்? பேனாவை எடுத்தேன். லண்டன் ஆபீசில் நாலு வருஷம், எங்கெங்கோ சிறையில் அடைபட்டவர்களுக்காகக் கடிதம் எழுதிய கை. பெயர், வயது, பிடித்த நேரம், பிடித்தவர் யார் என்று வரிசையாகக் கேட்டேன். அவளும் பாதிவரை சொன்னாள். பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"எழுதி யாருக்குங்க அனுப்புவீங்க? சாவி உங்க ஊட்டு ஆணியிலதானுங்க தொங்குது."

வெட்கம் பிடுங்கித் தின்றது. சாவியை எடுத்துப் போய்த் திறந்தேன். மாரன் எழுந்திருக்கவில்லை.

"அம்மணி எப்பத் திரும்பிப் போறீங்க?"

"தெரியலையே."

"அப்ப மொதலாளியே வந்து உடட்டுங்க. நீங்க போனதுக்கப்பறமும் நாங்க இங்கதானுங்களே இருக்கோணும்."

மத்தியானம் அண்ணன் வந்து, திட்டித் தீர்த்து, அவனை அனுப்பினார்.

மாசக் கடைசிக்குள் வேலைக்குத் திரும்புகிறேனா என்று கேட்டு லண்டனிலிருந்து வந்த கடிதம் பத்து நாளாக மேசையில் கிடக்கிறது. சாவி என் தலையணைக்கடியில் இருக்கிறது. காலையில் மாங்காய் ஏற்ற லாரி வந்ததும் அண்ணன் அதைக் கேட்பார். தரமாட்டேன் என்று சொல்ல, நான் இங்கேயே இருப்பவளாக இருக்க வேண்டும்.