தோல் ஆபீசில் ஒரு வெள்ளிக்கிழமை

இன்று மதியம் பாடகர் குழுப் பெண் ஒருத்தி நான்கு குரல் பாட்டொன்றைத் தன் மடிக்கணினியில் ஏற்றிக் காட்டினாள். ஹார்மனி பிசகிய இடங்கள் சிவப்பாக ஒளிர்ந்தன. "எவ்ளோ ஈஸி பாருங்க டீச்சர்" என்றாள். எனக்கோ உன் ஞாபகம் வந்துவிட்டது.

ஆம்பூரில் அந்த வித்தையை முதலில் செய்தவள் நீ. எண்பதுகளின் கடைசி. தோல் ஏற்றுமதி ஆபீசில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்; சர்ச்சில் என் பக்கத்தில் நின்று பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோவைப் பாடுபவள். இசைத் தேர்வுக்குப் படிக்கும் என் மாணவிகளுக்கு ஹார்மனி மண்டையில் ஏறவில்லை என்று உன்னிடம் புலம்பினேன். நீயே ஒரு புரோகிராம் எழுதினாய். நான்கு குரல்களின் சுரங்களையும் தட்டினால், எந்த இரண்டு குரல்கள் ஒரே இடைவெளியில் ஒட்டிக்கொண்டே நகர்கின்றன, அதாவது எங்கே பிழை, என்று திரை காட்டிவிடும். "பசங்க கண்ணால பாத்தா புரிஞ்சிக்கும்டி" என்றாய்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆபீசுக்கு விடுமுறை. சாவி உன்னிடம். நாம் அங்கே போவது முதலாளிக்குத் தெரியாது. தெருவில் அவருடைய ஜீப் சத்தம் கேட்டாலே நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

அன்று புரோகிராமைப் பதிந்துவைக்க ஒரு பிளாப்பியை எடுத்தாய். புதியது என்று நினைத்து, அதிலிருந்ததை அழித்தாய். பிறகுதான் திருப்பி, அதில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாய். மறுநாள் காலை மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போகும் சரக்கின் ஆவணங்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன. உன் அப்பா படுத்த படுக்கை. அந்த வேலையை நம்பித்தான் உங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது.

"கரண்டு போய் அழிஞ்சிடுச்சின்னு சொல்லிடலாம்" என்றேன்.

"பொய் சொன்னா தெனம் தெனம் பயப்படணும். வா, இன்னிக்கே பயந்து முடிச்சிடலாம்."

முதலாளி வீட்டுக் கதவைத் தட்டியபோது உன் கையும் நடுங்கியது. தொழுகை முடிந்து வந்திருந்தவர் முழுதும் கேட்டார். "கம்ப்யூட்டர்ல பாட்டா? இன்னாமா இது பேஜாரு?" என்று சாவிக்குக் கையை நீட்டினார். நம்முடனே ஆபீசுக்கு வந்தார். "மொதல்ல அந்தப் பாட்ட கம்ப்யூட்டர்லேந்து எடு." எடுத்தாய். கிடங்கிலிருந்து வந்த கைச்சீட்டுகளை நான் வாசிக்க வாசிக்க நீ ஆவணங்களை மறுபடி தட்டினாய். அவர் எதிரே உட்கார்ந்து, வாசித்து முடித்த சீட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினார்.

இருட்டுவதற்குள் முடிந்தது. மறுநாள் காலை லாரி போனது. உன் வேலை போகவில்லை, சாவி மட்டும் உன்னிடம் திரும்ப வரவில்லை. நீ சொன்னபடியே, கரும்பலகையில் குரலுக்கொரு நிறமாகக் கோடிழுத்து மாணவிகளின் கண்ணுக்குக் காட்டினேன். தேறிவிட்டார்கள்.

நீ கண்மூடி இரண்டு வருடமாகிறது. என் மார்பில் ஒரு கட்டி இருப்பதை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. மகன் பக்கத்து அறையில் இருக்கிறான். இதை எழுதி முடித்ததும் அவனிடம் போகிறேன். கால் நடுங்குகிறது. நடுங்கிக்கொண்டே நடக்கலாம் என்று எனக்குக் காட்டியவள் நீ.